சார் வீட்டுச் சாப்பாடு

ஜெயகிருஷ்ணன் சார் வீட்டுச் சமையலறையில் அரிசி கிடையாது. கோதுமை மாவு, சர்க்கரை, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. அரிசி இருந்த பெரிய டின்னில் இப்போது பாதாம் பருப்பு இருந்தது. தில்லி கிட்வாய் நகரின் அந்த அடுக்குமாடியில் மற்ற தமிழ் வீடுகளில் காலையில் குக்கர் விசில் அடிக்கும். சார் வீட்டில் துருவியில் காலிஃப்ளவர் உரசும் சத்தம்தான் கேட்கும். வீட்டு வேலைக்கு வரும் ராஜாத்தி அதைத் துருவி, வெண்ணெயில் வதக்கி, சீரகம் தாளித்து, தட்டில் சோறு மாதிரிக் குவித்து வைப்பாள். சார் அதன்மேல் பனீர்க் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சோறேதான், என்ன?" என்பார்.

"ஆமா சார்" என்பாள் ராஜாத்தி.

சாருக்கு சுகர் வந்து பல வருஷம். இந்தச் சாப்பாட்டுக்கு மாறிய பிறகு தொப்பை போனது, மாத்திரை பாதியாகக் குறைந்தது, மீசைக்கு மை தீட்டத் தொடங்கினார். அவர் மனைவி சுஷ்மா மட்டும் இதில் சேரவில்லை. ஆபீஸ் கேன்டீனில் சப்பாத்தி தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் முட்டையைச் சாப்பிடுவாள்.

ராஜாத்தியின் புருஷன் மூக்கன் இட்லிக்காரன். அவர்கள் குடியிருந்த தமிழர் குடிசைப்பகுதியான மதராசி கேம்ப் இருந்த காலத்தில், விடியும்போதே மாவை ஊற்றி வேகவைத்து, அலுமினியக் குண்டானைத் துணியால் சுற்றி சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவான். ஜங்புரா, போகல் சந்துகளில் அவனுடைய ரப்பர் ஹாரன் சத்தம் கேட்டால் பஞ்சாபிப் பெண்கள் மாடியிலிருந்து, "அண்ணா, சட்னி ஜ்யாதா" என்று கூடுதல் சட்னி கேட்டுக் குரல் கொடுப்பார்கள். அவனுக்கும் சுகர். பெடலில் இடித்துக்கொண்ட கால் கட்டைவிரல் மாதக்கணக்கில் ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, விரலை எடுக்கவேண்டி வரலாம் என்றார்கள்.

ராஜாத்தி இதைச் சார் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். யாரிடமாவது சொல்லவேண்டும் என்று சொன்னதுதான். வெண்ணெய் போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருந்த சார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ராஜாத்தி, இங்க வா. உக்காரு."

அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவள் ஈரக்கையோடு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சார் ஒரு மணி நேரம் பேசினார். அன்று ஆபீசுக்கே தாமதமாகத்தான் போனார். அன்றிலிருந்து தினமும் ஒரு கண்ணாடி டப்பா ராஜாத்தியோடு கேம்புக்குப் போயிற்று. பச்சைக் கிளிப் வைத்த மூடி. சார் பிளாஸ்டிக்கில் சாப்பாடு வைக்கமாட்டார். உள்ளே பனீர், அவித்த முட்டை, வறுத்த பாதாம்.

மூக்கன் முதலில் சிரித்தான். "ஊருக்கெல்லாம் இட்லி, எனக்கு மட்டும் முட்டையா?" என்றான். ஆனால் தின்றான். குண்டான் நிறைய இட்லியை வைத்துக்கொண்டு அதில் ஒன்றைக்கூட வாயில் போடாமல் தெருத்தெருவாகப் போனான். சுகர் இறங்கியது. விரல் ஆறியது. புதுத் தோல் குழந்தைத் தோல் மாதிரி ரோஸ் நிறத்தில் வந்தது. சார் அவனை வீட்டுக்கு வரச் சொல்லி, காலை ஸ்டூலில் வைக்கச் சொல்லிப் படம் எடுத்து, இந்தச் சாப்பாட்டுக்காரர்கள் சேர்ந்த தன் வாட்ஸப் குழுவின் முகப்பில் வைத்தார். கோயம்புத்தூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மூக்கனின் கட்டைவிரலுக்கு வாழ்த்து வந்தது.

"என்னைப் பெத்தவன் குடுத்த காலு போயிருக்கும். இது சார் குடுத்த காலு" என்று மூக்கன் கேம்ப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பிறகு ஜூன் மாதம் அரசாங்கம் புல்டோசர் விட்டுக் கேம்பை இடித்தது. சிலருக்கு வீடு கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. இவர்களுக்கு நரேலாவில், மூன்றாவது மாடியில் ஓர் அறை கிடைத்தது. தில்லியிலேயே இருந்துகொண்டு தில்லிக்கு ரயிலேறிப் போகவேண்டிய தூரம். சைக்கிள் டெம்போவில் வந்தது. மூக்கன் நாலைந்து நாள் ஹாரன் அடித்துப் பார்த்தான். பாதிக் கட்டடங்கள் காலி. குடியிருந்தவர்களோ காலையில் இட்லி வாங்கித் தின்கிறவர்கள் இல்லை. சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே சாத்தினான். அப்புறம் எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவன் முகம் காலையில் உப்பியிருந்தது. கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"பாத்தியா புள்ள, ஒடம்பு வெச்சிட்டன். சார் சாப்பாடு இப்பதான் ஒட்டுது" என்று மூக்கன் சந்தோஷப்பட்டான். ராஜாத்தியும் அப்படித்தான் நினைத்தாள். பக்கத்து வீட்டுச் செல்வியும் பார்த்துவிட்டு, "மாமா மாப்ள மாரி ஆயிட்டாரு" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். சின்ன வயது டாக்டர். இந்தியில், தூக்கம் கெட்ட குரலில் சொன்னார். பல வருஷத்துச் சுகரும் பிரஷரும் சேர்ந்து கிட்னியை அரித்திருக்கின்றன. கைவலி, தோள்வலி என்று கேம்ப் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைகளும் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம். என்ன சாப்பிடுகிறார்?

ராஜாத்தி சொன்னாள். முட்டை, பனீர், பாதாம், ராத்திரியும் முட்டை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதெல்லாம் நிறுத்துங்க. சோறு குடுங்க."

"சோறா? சுகர் இருக்குதே சாப்."

"சுகரை ஊசி பாத்துக்கும். கிட்னியை யார் பாத்துக்குவா? ரெண்டுல இப்ப கிட்னிதான் அவசரம்."

"அந்தச் சாப்பாட்டாலதான் இப்படி ஆச்சுங்களா?"

டாக்டர் அவளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியும் சொல்ல முடியாது. இல்லேன்னும் சொல்ல முடியாது. வண்டி ஏற்கெனவே உடைஞ்சிருந்தது. அதுல மூட்டை ஏத்தியிருக்கீங்க."

அடுத்த அறையில் உணவு சொல்லித்தருகிற பெண் விவரமாகச் சொன்னாள். அளவாகச் சோறு, ஜவ்வரிசி, சேமியா. பருப்பு கொஞ்சம். முட்டையில் வெள்ளை மட்டும், அதுவும் ஒன்று. காயை வெட்டி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு சமைக்கவேண்டும். உப்பு கிள்ளிப் போட்டால் போதும். ராஜாத்தி தலையாட்டினாள். ஒரு வருஷமாக அந்த மனுஷன் வாயிலிருந்து அவள் பிடுங்கி வைத்ததையெல்லாம் இந்தப் பெண் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாள். அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பனிக்காலத்துத் தண்ணீரில் நெடுநேரம் பாத்திரம் கழுவினால் கை மரத்துப்போகுமே, அந்த மாதிரி ஏதோ ஒன்று உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை அவள் பொங்கி வைத்த சோற்றை மூக்கன் ஒரு விரலால் தள்ளினான்.

"யாரைக் கொல்லப் பாக்கற?"

"டாக்டர்தான்யா சொன்னாரு. நீயும்தான கேட்ட."

"அந்தப் பொடிப்பயலா? என் மூஞ்சியப் பாத்தானா அவன்? கம்ப்யூட்டரப் பாத்து எங்கிட்டப் பேசறான். இதே ஆஸ்பத்திரிதான விரல வெட்டணும்னுச்சு? வெட்டினாங்களா? இந்தா பாரு, இருக்குது." காலை நீட்டிக் காட்டினான். விரல் இருந்தது. பாதம் வீங்கி, விரல் அதில் பாதி புதைந்திருந்தது.

"இது வேற சீக்குயா."

"சார் சொல்லட்டும். நான் சாப்புடறன். சார் சொல்லாம ஒரு பருக்கை எறங்காது."

ஊசியை மட்டும் போட்டுக்கொண்டான். அவள் முட்டை வாங்கித்தராவிட்டால் அவனே கீழே இறங்கி வாங்கி வந்தான். மாடியேறி மூச்சு வாங்க நின்று, அவித்து, இரண்டாக வெட்டி, மிளகு தூவித் தின்றான். அவன் அவளோடு சண்டைகூடப் போடவில்லை. கேம்ப் போனது, தொழில் போனது. விரல் மட்டும் போகவில்லை. அதை அவன் விடுவதாக இல்லை.

நரேலாவிலிருந்து கிட்வாய் நகருக்கு வர முதலில் பஸ், அப்புறம் சமய்பூர் பாத்லியில் மெட்ரோ. செல்வியும் கூடத்தான் வருவாள். அவளுக்கு வேலை சவுத் எக்ஸ்டென்ஷனில். மூடுபனியில் பஸ் நிற்குமிடத்தில் பெண்கள் சால்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு நிற்பார்கள். இலவச டிக்கெட் பெண்கள் கூட்டமாக நிற்பதைக் கண்டால் சில டிரைவர்கள் நிறுத்தாமலே போய்விடுவார்கள்.

"பாரு, போறான் பாரு. அவங்கப்பன் ஊட்டு பஸ்ஸு" என்றாள் செல்வி. "அக்கா, ஏன் இப்படி கல்லு மாரி நிக்கற? மாமா இன்னும் சோறு தொடலயா?"

"சார் சொன்னாதான் தொடுவாராம்."

"அப்ப சாரைச் சொல்லச் சொல்லு."

"கேக்கறன் இன்னிக்கு."

கேட்டாள். சார் அன்று முட்டைப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் மெல்லுவது மெதுவாகி நின்றது.

"கிரியாட்டினின் எவ்ளோ வந்திருக்கு?"

அவள் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினாள். சார் அதைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார்.

"இது முன்னாடியே இருந்திருக்கணும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்தியா நீ?"

"நீங்க சொல்லலயே சார்."

"நான் டாக்டர் இல்லையே ராஜாத்தி. எனக்கு நல்லது நடந்தது, சொன்னேன்." அவர் தண்ணீர் குடித்தார். "ஓகே. பாதாமை நிறுத்திடு. பனீரும் வேண்டாம். டாக்டர் சொல்றபடி செய்."

"அத நீங்க ஒரு வார்த்த போன்ல சொல்லிட்டீங்கன்னா அவரு கேப்பாரு சார். வேற யார் சொன்னாலும் கேக்கமாட்டேன்றாரு."

சார் மனைவியைப் பார்த்தார். சுஷ்மா பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நானே எப்படிச் சோறு சாப்பிடுன்னு சொல்றது? நாளைக்குச் சுகர் ஏறி வேற ஏதாவது ஆச்சுன்னா? அது அப்புறம்… பாக்கலாம். சொல்றேன்."

அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் அவள் ஒவ்வொரு மாலையும் மூக்கனிடம், "சார் போன் பண்ணாரா?" என்று கேட்டாள். "எதுக்கு?" என்றான் அவன். குழுவின் முகப்பிலிருந்து மட்டும் விரலின் படம் காணாமல் போயிருந்தது. அதைச் சுஷ்மாதான் ஒரு நாள், "அவர் அதை எடுத்துட்டார்" என்று சொன்னாள்.

"சரியான ஆளு" என்றாள் செல்வி பஸ்ஸில். "அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? சார் சொல்லலன்னா என்னா? சார் சொன்னாருன்னு நீ சொல்லு. இல்லன்னு சொல்றதுக்கு அவரு என்ன நரேலாவுக்கு வரவா போறாரு? கூகுள்ல போட்டாக்கூட அவருக்கு வழி தெரியாது."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். ராஜாத்தி சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் அவள் பையில், ஒரு துணித் துண்டில் முடிந்த வீட்டு அரிசி ஒரு பிடி இருந்தது.

ஒற்றை அறை வீட்டில் எது கொதித்தாலும் மூக்கனுக்குத் தெரிந்துவிடும். அதனால் சாரும் சுஷ்மாவும் ஆபீஸ் போன பிறகு சார் வீட்டு அடுப்பிலேயே உலை வைத்தாள். சுரைக்காயை நறுக்கி வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினாள். உப்பைக் கிள்ளி, கிள்ளியதிலும் பாதியை டப்பாவிலேயே உதறினாள். ரொம்ப காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கஞ்சி வாசம் எழுந்து, சோபா, திரைச்சீலை, சாமி படம் எல்லாவற்றின் மேலும் போய் உட்கார்ந்தது. அவள் பயந்துபோய் ஜன்னல்களைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. சோற்றைப் பச்சைக் கிளிப் டப்பாவில் அடைத்துத் துண்டால் சுற்றினாள்.

மாலையில் மூக்கன் மூடியைத் திறந்து பார்த்தான்.

"என்னாது இது?"

"சார் குடுத்தனுப்பினாரு."

"சோறா?"

"சார் மாத்திட்டாருய்யா. இப்ப இதான் சாப்புடறாரு. உனக்கும் இதான் குடுக்கச் சொன்னாரு."

"சாரா? சோறா?" அவன் டப்பாவைத் தூக்கி விளக்கடியில் பார்த்தான். "ஏன்?"

அவள் யோசிக்கவில்லை. "அவருக்கும் கிட்னி" என்றாள்.

கீழே யாரோ ஒரு குழந்தையை இந்தியில் திட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கன் டப்பாவைத் தட்டில் கவிழ்த்தான்.

"பாவம்" என்றான். "அவ்ளோ கட்டுப்பாடா இருந்த மனுசன்." சாப்பிட்டான்.

அதன்பிறகு தினமும் கேட்டான். சாருக்குக் கால் வீங்குதா? லேசா. தண்ணி அளவாத்தான் குடிக்கறாரா? ஆமா. உப்பு இல்லாம எறங்குதா அவருக்கு? எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு விட்டுக்கறாரு. அப்ப எனக்கும் விடு. ராஜாத்தி சொன்ன சார் நாளுக்கு நாள் மெலிந்து, அலுத்து, மனைவியிடம் எரிந்து விழுந்து, மறுபடி சமாதானமாகி, ஜவ்வரிசிக் கஞ்சியைப் பழகிக்கொண்டார். நிஜ சார் காலையில் முட்டைப் பொரியலும் மாலையில் பூங்காவில் ஓட்டமுமாக இருந்தார். இரண்டு சாருக்கும் நடுவே ராஜாத்தி மெட்ரோவில் நின்றபடி போய்வந்தாள். சில நாள் எந்தச் சாருக்கு என்ன சமைக்கவேண்டும் என்று சமையலறை வாசலில் நின்று யோசிப்பாள்.

ஒரு நாள் சுஷ்மா சிங்க்கில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தாள். ராஜாத்தி துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் சுஷ்மா.

"அவருக்குத்தாம்மா. எங்க ஊட்ல வெச்சா சாப்புடமாட்டாரு."

சுஷ்மா பருக்கையைக் குழாய்த் தண்ணீரில் விட்டாள். "எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கோ. ஜன்னல் மட்டும் பத்தாது" என்றாள். கொஞ்சம் நின்று, "நாளைக்கு ஒரு கை கூடப் போடேன், எனக்கும்" என்றாள்.

ஜனவரியில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். அதே டாக்டர். ஏறவில்லை, இறங்கவும் இல்லை, இருக்கிற இடத்திலேயே நிற்கிறது என்றார். "இது நல்ல சேதிதான்" என்று சேர்த்துச் சொன்னார், அவள் முகத்தைப் பார்த்து. அவள் "அச்சா ஜி" என்றாள். நல்ல சேதி என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. மூக்கனைக் கைத்தாங்கலாகப் பிடித்து பஸ் ஏற்றினாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் மூடுபனியில் தெரிந்தும் தெரியாமலும் போகிற கடைப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பொங்கலுக்கு மறுநாள். ராஜாத்தி வீட்டுக்கு வந்து, டப்பாவைத் திறந்து தட்டில் கொட்டி, எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தபோது மூக்கனின் போன் அடித்தது. அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவான்.

"மூக்கா? ஜெயகிருஷ்ணன் பேசறேன்பா. பொங்கல் வாழ்த்து சொல்லலாம்னு."

ராஜாத்தியின் கை பழத்தோடு அப்படியே நின்றது. சாறு விரலிடுக்கில் வழிந்தது.

"சார்! வணக்கம் சார்! நல்லா இருக்கீங்களா சார்?" மூக்கன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நான் ஃபர்ஸ்ட் கிளாஸ்பா. போன வாரம்தான் ஃபுல் செக்கப். ஹார்ட், லிவர், கிட்னி எல்லாம் பக்கா. டாக்டரே கை குடுத்தார். அஞ்சு கிலோமீட்டர் ஓடறேன் இப்ப."

ராஜாத்தி புருஷனைப் பார்க்கவில்லை. தரையில் உதிர்ந்து கிடந்த எலுமிச்சை விதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விதையை எடுக்கவேண்டும் என்று நினைத்தாள். எடுக்கவில்லை.

"ரொம்ப சந்தோசம் சார்" என்றான் மூக்கன்.

"நீ எப்படி இருக்கே? ராஜாத்தி ஏதோ டாக்டர் சொன்னார்னு… அது சரி, நீ பாத்துக்கோ. ஆனா சோறு, சோறு மட்டும் ஜாஸ்தி தொடாதே. என்ன? தொடறதில்லையே?"

மூக்கன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இடது கையில் போனைப் பிடித்தபடி வலது கையால் சோற்றைப் பிசைந்தான். மெதுவாக, ஒரு கட்டிகூட இல்லாமல் பிசைந்தான்.

"இல்ல சார். தொடறதில்ல சார்."

"வெரி குட். நானும் அப்படித்தான்."

"தெரியும் சார்" என்றான் மூக்கன்.

போனை வைத்தான். ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றான். வீங்கிய கண்ணிமைகளுக்கு நடுவே அவன் கண் சின்னதாகத் தெரிந்தது. அதில் கோபம் இருக்கிறதா என்று அவளால் படிக்க முடியவில்லை.

"சாருக்கு ஒண்ணும் இல்லயாம் புள்ள. நல்லாத்தான் இருக்காராம்."

அவள் அந்த எலுமிச்சை விதையை இப்போது எடுத்தாள்.

"மொத வாரமே ஒரு கல்லு கடிச்சன். சார் ஊட்ல கல்லு பொறுக்காத அரிசியா பொங்குவாங்க?" இன்னொரு வாய் போட்டுக்கொண்டான். "இட்லிக்கு ஊறப்போட்டு ஊறப்போட்டு இத்தன வருசம். நம்ம அரிசி எனக்குத் தெரியாதா?"

ராஜாத்தி மீதிப் பழத்தைத் தட்டில் பிழிந்தாள். காலி டப்பாவையும் மூடியையும் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏ புள்ள."

திரும்பினாள்.

"நாளைக்கும் அதுலயே கொண்டா" என்றான் மூக்கன், தட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல். "வேற பாத்தரத்துல போட்டா எறங்காது."